மூடியின் மேல் ஒரு நரைமுடி

ஒளியைக் கயிறு போல முறுக்கி, அந்த முறுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளக்கிறவர்கள் மூன்று பேர் ஒரு பாறை மேல் இருந்தார்கள். எந்த ஊர்ப் பாறை என்று கேட்க வேண்டாம். பாறை அசையாது என்பதற்காகத்தான் அங்கே ஆய்வுக்கூடம் கட்டினார்கள் என்று தெரிந்தால் போதும்.

மூவரில் குரு ஜெசிந்தா. வயது முப்பத்தாறு.

சீடர் மாசிலாமணி. வயது நாற்பத்தொன்பது. பாலிடெக்னிக்கில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு, டாக்டர் பட்டம் வாங்காமல் ஓய்வு பெறக் கூடாது என்று மூன்று வருட லீவில் வந்தவர். அவர் குருவை மேடம் என்பார். குரு அவரை சார் என்பார்.

இன்னொரு சீடப் பெண் சந்தனமாரி. இருபத்தாறு வயது. அவள் வாய் ஓயாது, கையும் ஓயாது. பக்கத்து மேஜை அவளுடையது.

அவர்கள் லேசரிலிருந்து ஒளி தொடர்ந்து வராது. துடிப்புத் துடிப்பாக வரும். ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு குட்டை என்றால், ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக உடைத்து, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி பத்து லட்சமாக உடைக்க வேண்டும். அந்தப் பொடிதான் அவர்களுக்கு அலகு. அதை முறுக்கிக் காகிதத்தில் விழ வைத்தால், நடுவில் இருட்டும் சுற்றிலும் வெளிச்சமுமாகத் தெரியும். பார்க்க உளுந்துவடை மாதிரியே இருக்கும். கூடத்தில் அதற்கு வடை என்றே பெயர்.

"சார், வடை வந்துடுச்சா?" என்று சந்தனமாரி காலையில் கேட்டால், லேசர் ஓடுகிறதா என்று பொருள்.

அவ்வளவு சின்ன நேரத்தை அளக்கக் கடிகாரம் எதுவும் கிடையாது. அதனால் மாசிலாமணி ஒரு துடிப்பை இரண்டாகப் பிரிப்பார். ஒன்றைக் கொஞ்சம் சுற்றி வரவிட்டு, இரண்டையும் ஒரு படிகத்துக்குள் சந்திக்க வைப்பார். ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுந்தால் படிகம் நீலமாக மின்னும். விலகினால் அணைந்துவிடும். எவ்வளவு விலக்கினால் அணைகிறதோ, அதை வைத்துத் துடிப்பின் நீளம் இவ்வளவு என்று எழுதிக்கொள்வார். லட்சக்கணக்கான துடிப்புகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்.

எழுதினார். இருபத்திரண்டு.

முறுக்கிய ஒளியில் அவ்வளவு குட்டையான துடிப்பை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. மாசிலாமணி கட்டுரை எழுதி, படம் வரைந்து, நான்கு தடவை பிழை திருத்தி, ஒரு திங்கட்கிழமை காலையில் குருவின் மேஜை மேல் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை கடைசி நாள், மேடம். இது போனாத்தான் எனக்குப் பட்டம். மாசக் கடைசியில லீவு முடியுது. கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா..."

ஜெசிந்தா கட்டுரையைப் படித்தார். கடைசிப் பக்கத்தில் இருந்த படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். நடுவில் ஊசி போல ஒரு முனை. இரண்டு பக்கமும் தாழ்வான, அகலமான மேடு.

"இந்த மேடு என்ன சார்?"

"பின்னணி இரைச்சல் மேடம். கழிச்சிட்டேன்."

"எத்தனை நாளா இருபத்திரண்டு?"

"நாப்பது நாளா. ஒரு பொடி அசையலை."

"அதான் பயமா இருக்கு" என்றார் ஜெசிந்தா.

மாசிலாமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. காரணம் இருந்தது. பக்கத்து மேஜையில் அதே லேசரை, அதே வடையைச் சந்தனமாரியும் அளந்துகொண்டிருந்தாள். அவள் முறை வேறு. லட்சம் துடிப்பைச் சேர்க்க மாட்டாள். ஒவ்வொன்றாகத் தனியே பிடிப்பாள். அவளுக்கு ஒரு தடவை நூற்றி நாற்பது வரும், அடுத்தது இருநூற்றுப் பத்து, அதற்கடுத்தது நூற்றி எழுபது. 'கை நிற்காத பெண்ணுக்கு எண் எப்படி நிற்கும்' என்று மாசிலாமணி நினைத்துக்கொள்வார். இப்போது வேறு மாதிரி நினைத்தார். மேடம் அவள் பக்கம் சாய்கிறாரோ? என் கட்டுரையை நிறுத்தி வைத்து, அவளுடையதை முன்னால் அனுப்பப் போகிறாரோ?

ஜெசிந்தா இழுப்பறையைத் திறந்து இரண்டு பிளாஸ்டிக் தாள்களை எடுத்தார். ஒரு தாளில் கறுப்புப் பேனாவால் கன்னாபின்னாவென்று கிறுக்கியிருந்தது. மற்றது அதன் நகல். கிறுக்கலுக்குக் கிறுக்கல், புள்ளிக்குப் புள்ளி.

"இதை ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பொருத்துங்க சார்."

மாசிலாமணி பொருத்தினார். கொஞ்சம் நகர்த்தினால் ஒரே கசகசப்பு. சரியான இடத்துக்கு வந்ததும் சட்டென்று ஒரே கிறுக்கலாகிவிட்டது.

"பொருந்திடுச்சு மேடம்."

"கிறுக்கல் எவ்வளவு நீளம்?"

"தாள் முழுக்க இருக்கே."

"பொருந்துற இடம்?"

"ஒரு மயிரிழை."

"சரி. வெள்ளிக்கிழமை வரைக்கும் இன்னும் அளங்க. அன்னைக்குக் காலையில வாங்க."

மாசிலாமணி தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். இருபது வருடம் பாடம் நடத்தியவனுக்குக் குழந்தை விளையாட்டு. மனசு கொதித்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியம் பாறைக்குக் கீழே இருக்கும் கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஏறி வந்தார். அவருடைய கருவி ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும். லேசர் ஒளி ஒரு கறுப்புக் குழாய் வழியாக அந்தப் பெட்டிக்குப் போகும். குழாயின் வாயில் ஒரு வளையம். தூசி புகாமல் இருக்க வளையத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு. குழாய்க்கு மேலே ஒரு மூடி.

அந்த மூடி ஒரு நூலளவு கோணியிருந்தது.

இருபது வருடம் பரீட்சை ஹாலில் பிட் பிடித்த கண். அதற்குத் தப்புமா? மூடியைத் திறந்தார். கண்ணாடிகள் இருந்த இடத்தில் இருந்தன. ஸ்க்ரூ ஒன்றும் திரும்பவில்லை. வளையத்துக்கு எதிரே குனிந்து தகட்டைப் பார்த்தார். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மூடிவிட்டுப் பதற்றத்தோடு அளந்தார்.

இருபத்திரண்டு.

மூச்சு வந்தது. ஆனாலும் யாரோ கை வைத்திருக்கிறார்கள். யார்? அந்த அறைக்கு மூன்று பேரிடம்தான் சாவி. மேடம் மதியம் தன் அறையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். சாப்பிட்டு முடிக்கும் வரை அறையை விட்டு வெளியே வர மாட்டார். அப்படியானால் மிச்சம் ஒரு ஆள்.

புதன்கிழமை அவர் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கினார். மூடிக்கும் குழாய்க்கும் குறுக்கே எச்சில் தொட்டு ஒட்டினார். சாப்பிடப் போனார். சந்தனமாரி சீக்கிரமே எழுந்து போனாள்.

"எங்கேம்மா அவசரம்?"

"தலை வலிக்குது சார். ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

சாப்பிட்ட உடனே யாராவது டீ குடிப்பார்களா? மாசிலாமணி தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படியேறினார்.

முடி அறுந்து கிடந்தது.

அதைக் கிள்ளி எடுத்து நோட்டுக்குள் வைத்தார். அளந்தார். இருபத்திரண்டு. நெஞ்சு பெருமையில் விம்மியது. 'என்ன செய்தாலும் அசைகிறதா பார்!'

அதற்குள் சந்தனமாரி உள்ளே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கத்தினாள்.

"யாரு என் டேபிள்ல கை வச்சது? சார், நீங்களா?"

"நானா? எனக்கென்ன வேலை உன் டேபிள்ல?"

"எண்ணூறைத் தொடுது சார்! காலையில நூத்தி எழுபது இருந்துச்சு. யாரோ என்னமோ செஞ்சிருக்காங்க."

"உன் எண்ணு தினமும்தான் குதிக்கும்."

"இது குதி இல்லை சார், இது ஓட்டம். எனக்குத் தெரியாதா என் பிள்ளையை?"

திருடன்தான் முதலில் கூச்சல் போடுவான் என்று மாசிலாமணி நினைத்தார். தன் மேல் கண் விழக் கூடாது என்பதற்காகத் தன் மேஜையையே கெடுத்துக்கொண்டு கத்துகிறாள். எத்தனை பிள்ளைகளைப் பார்த்தாயிற்று! தாளைக் கிழித்துவிட்டு, "யாரோ கிழிச்சிட்டாங்க சார்" என்று அழுத பிள்ளைகள்.

சந்தனமாரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன சார், ரெண்டு நாளா தலையில முடி குறைஞ்சுக்கிட்டே வருது? கட்டுரைக் கவலையா?"

மாசிலாமணிக்குத் திக்கென்றது. முடி விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும்?

வியாழக்கிழமை அவர் ஒரு முடி அல்ல, இரண்டு வைத்தார். மூடியின் விளிம்பில் பென்சிலால் ஒரு மெல்லிய கோடு போட்டார். மூடியிலும் பாதி, குழாயிலும் பாதி. கம்ப்யூட்டர் திரையைத் துண்டால் மூடினார். வெளியே வந்ததும் செருப்புகளைப் பார்த்தார். அறைக்குள் போகும்போது தெருச் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளுக்கென்று இருக்கும் நீலச் செருப்பைப் போட வேண்டும். மேடத்தின் நீலச் செருப்பு வார் அறுந்து ஒரு வாரமாக மூலையில் கிடந்தது. சந்தனமாரியின் செருப்பு சுவரைப் பார்த்து இருந்தது. அதை மனசில் குறித்துக்கொண்டு இறங்கினார்.

திரும்பி வந்தபோது சந்தனமாரியின் செருப்பு கதவைப் பார்த்து இருந்தது.

உள்ளே முடி இரண்டும் இல்லை. பென்சில் கோடு மூடியில் ஒரு பக்கமும் குழாயில் ஒரு பக்கமுமாக விலகி நின்றது.

மூடியைத் திறந்து பார்த்தார். கண்ணாடிகள், ஸ்க்ரூக்கள், வளையம், தகடு. எல்லாம் அதன் அதன் இடத்தில்.

அளந்தார். இருபத்திரண்டு.

அன்று முழுவதும் அவர் சந்தனமாரியோடு பேசவில்லை. அவள் பிஸ்கட் நீட்டினாள், வேண்டாம் என்றார். அவள் தண்ணீர் பாட்டிலை அவர் மேஜை ஓரத்தில் வைத்தாள்; எடுத்துக் கீழே வைத்தார்.

"சார், நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"நீ ஒண்ணும் சொல்லலைம்மா" என்றார். 'சொல்ல' என்ற எழுத்துகளைக் கொஞ்சம் அழுத்தினார்.

அவள் முகம் வாடிவிட்டது. அதையும் அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. ஜெசிந்தாவின் மேஜை மேல் கட்டுரை இருந்தது. பக்கத்தில் மூடிய பேனா இருந்தது. மாசிலாமணி உட்காரவில்லை.

"மேடம், கையெழுத்துக்கு முன்னால ஒரு விஷயம். நம்ம கூடத்துல நடக்கக் கூடாதது நடக்குது."

"என்ன சார்?"

"என் டேபிள்ல ஒரு ஆள் கை வைக்கிறாங்க. மூணு நாளா. மதியத்துல."

"எப்படித் தெரியும்?"

மாசிலாமணி நோட்டைத் திறந்தார். காகிதத்தில் மடித்த முடியை எடுத்து வைத்தார். பென்சில் கோட்டைப் படம் வரைந்து வைத்திருந்தார், அதைக் காட்டினார். செருப்பு எந்தப் பக்கம் பார்த்தது, திரும்பி வந்தபோது எந்தப் பக்கம் பார்த்தது என்று சொன்னார். டீயைச் சொன்னார். கூச்சலைச் சொன்னார். வாடிய முகத்தையும் சொன்னார்.

ஜெசிந்தா ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டார். முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்ல வேலை சார். இவ்வளவு நுணுக்கமா நான்கூடச் செஞ்சிருக்க மாட்டேன்."

"பேரு சொல்லட்டுமா மேடம்?"

"இருங்க. இத்தனையும் நடந்திருக்கு. உங்க எண்ணு?"

மாசிலாமணி நிமிர்ந்தார். இதற்காகத்தான் காத்திருந்தார்.

"அதுதான் மேடம்! செவ்வாய் இருபத்திரண்டு. புதன் இருபத்திரண்டு. வியாழன் இருபத்திரண்டு. இன்னைக்குக் காலையிலயும் பார்த்துட்டுத்தான் வரேன். அவ என்ன செஞ்சும் அதை அசைக்க முடியலை."

"என்ன செஞ்சும்?"

"என்ன செஞ்சும்."

ஜெசிந்தா எழுந்தார். "வாங்க."

கதவருகே வந்ததும், சந்தனமாரியின் நீலச் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். மாசிலாமணி அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு பின்னால் போனார்.

அப்போதுதான் வந்த சந்தனமாரி, தன் செருப்பைக் காணாமல் வெறுங்காலோடு உள்ளே வந்து தன் மேஜையில் உட்கார்ந்தாள்.

ஜெசிந்தா குழாயின் மூடியை எடுத்தார். இரண்டு விரலை விட்டு வளையத்தைத் தளர்த்தினார். மெல்லிய தகடு இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கட்டையை இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. நான்கு விரல் கனம். எடைக்கல் போலக் கனத்தது. கனம் முழுக்கக் குழாய்க்குள் மறைந்துவிடுவதால், முன்னாலிருந்து பார்த்தால் மெல்லிய தகடும் அதுவும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அதை மாசிலாமணியின் கையில் வைத்தார்.

மாசிலாமணி அதை வாங்கிக்கொண்டு நின்றார். அது என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். பாலிடெக்னிக்கில் கரும்பலகையில் அவரே வரைந்து காட்டியிருக்கிறார். வெறும் காற்றில் எல்லா நிறமும் சேர்ந்தே ஓடும். கனமான கண்ணாடிக்குள் புகுந்தால் சிவப்பு முந்திக்கொள்ளும், நீலம் பின்தங்கும். குட்டையான துடிப்பு இழுபட்டு நீண்டுவிடும். துடிப்பு எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு அதிகமாக இழுபடும். இவ்வளவு பெரிய கட்டைக்குள் இருபத்திரண்டு புகுந்தால், வெளியே வரும்போது ஆயிரத்தைத் தாண்டியிருக்க வேண்டும்.

"எப்ப வச்சீங்க மேடம்?"

ஜெசிந்தா சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்து, அவர் கையோடு கொண்டுவந்து மேஜையில் திறந்து வைத்திருந்த நோட்டின் பக்கத்தில் வைத்தார்.

செவ்வாய் மதியம், இரண்டரை விரல். புதன் மதியம், எடுத்தாச்சு. வியாழன் மதியம், நான்கு விரல்.

நோட்டில் இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு.

"புதன்கிழமை உங்ககிட்ட இருந்து எடுத்ததை சந்தனமாரி டேபிள்ல வச்சேன்" என்றார் ஜெசிந்தா.

"நீங்களா மேடம்!" என்றாள் சந்தனமாரி. "நான் சாயங்காலம் வரைக்கும் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில கண்ணாடியைக் கண்டுபிடிச்சு உங்ககிட்ட கொண்டுவந்து குடுத்தா, 'சரி, வச்சிட்டுப் போ'ன்னு ஒரே வார்த்தை."

"உனக்கு எத்தனை நிமிஷத்துல தெரிஞ்சுது?"

"உட்கார்ந்த உடனே தெரிஞ்சுது. கத்தினேனே. சாரைக் கேளுங்க."

மாசிலாமணி கட்டையைத் திருப்பிப் பார்த்தார். கட்டையின் குளிர்ச்சி உள்ளங்கையில் ஏறியது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிருக்கலாமே மேடம்" என்றார்.

"சொல்லியிருந்தா கண்ணாடியை நினைச்சுக்கிட்டே அளந்திருப்பீங்க."

"அப்ப அந்த இருபத்திரண்டு எது? நாப்பது நாளா வருதே. நான் ஒண்ணும் கற்பனை பண்ணலை மேடம். கண்ணால பார்த்தேன்."

"அந்தத் தாள் இருக்கா?"

பைக்குள்தான் இருந்தது. திங்கட்கிழமை வைத்தபடியே இருந்தது. ஜெசிந்தா இரண்டு தாளையும் வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கி, ஒன்றின் மேல் ஒன்றை நகர்த்தினார். கசகசப்பு. கசகசப்பு. சட்டென்று பொருந்தியது. மறுபடி விலகிக் கசகசப்பு.

"இந்தக் கிறுக்கலை மாத்தி வேற கிறுக்கி, நகல் எடுத்தா?"

"அதுவும் அதோட நகலோட பொருந்தும்."

"எவ்வளவு இடத்துல?"

மாசிலாமணி தாளைப் பார்த்தார். கட்டுரையின் கடைசிப் பக்கப் படம் கண்ணுக்குள் வந்தது. நடுவில் ஊசி முனை. இரண்டு பக்கமும் தான் கழித்துப் போட்ட மேடு. ஒவ்வொரு துடிப்பும் ஒரு கிறுக்கல். ஒவ்வொன்றும் வேறு வேறு. லட்சம் கிறுக்கலைத் தனித்தனியாக அவற்றின் நகல் மேலேயே வைத்துப் பார்த்து, பொருந்துகிற மயிரிழையை அளந்து, அதை நாற்பது நாளாக எழுதியிருக்கிறார்.

"நான் கழிச்சது இரைச்சல் இல்லையா மேடம்?"

"அந்த மேடுதான் சார் துடிப்போட உண்மையான நீளம்" என்றார் ஜெசிந்தா. தாளை மடித்து அவரிடமே கொடுத்தார்.

வெளியே மணி பதினொன்று. கட்டுரை போக வேண்டிய நேரத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. மாசிலாமணி குருவின் அறைக்குப் போய், கையெழுத்துப் போடாத கட்டுரையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதைத் தன் இழுப்பறையில் குப்புற வைத்து மூடினார். லீவு முடிய இன்னும் பதினேழு நாள். சந்தனமாரியின் மேஜை ஓரத்தில் போய் நின்றார்.

"அந்த பிஸ்கட் இருக்காம்மா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பொட்டலத்தை அப்படியே அவர் பக்கம் தள்ளினாள்.

"நமுத்துப்போச்சு சார். நேத்தே எடுத்திருக்கணும்."

அவர் ஒன்றை எடுத்துக்கொண்டார். கடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

"மேடம், நாலு நாளா இந்தப் பெண்ணைச் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் உங்களையும்தான். டீ குடிச்சதைச் சந்தேகப்பட்டேன். செருப்பைச் சந்தேகப்பட்டேன். நான் சந்தேகப்பட்டது தப்பா?"

ஜெசிந்தா மூடியைக் குழாய் மேல் திரும்ப வைத்தார். பென்சில் கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றுசேரும்படி பொறுமையாகத் திருப்பினார். சேர்ந்ததும் கையை எடுத்தார்.

"இல்லை சார். ஆள் வந்து போனது நிஜம்தானே? உங்க தலையில இருந்து பிடுங்கின ஒத்தை முடி அதைச் சொல்லிடுச்சு. இந்தப் பெட்டி ஏன் சொல்லலை?"